பயமும் புறுபுறுப்பும் வந்தால் ஆண்டவரிடம் போவது எப்படி

2021 மார்கழியில் ஒரு நாள், காலை பத்து மணியாவதற்குள் ஒரே கதையை ஏழு பேரிடம் சொல்லி முடித்திருந்தேன். பயிர் மஞ்சள் பத்திவிட்டது, யூரியா இல்லை, லீசிங் கட்டக் காசில்லை, இவர், என் புருசன், வரம்பில் குந்தியிருந்து பீடி பத்துகிறாரே தவிர ஒன்றும் செய்கிறாரில்லை. கிணற்றடியில் இரண்டு பேர், சங்கக்கடையில் மூன்று பேர், ஒழுங்கையில் சைக்கிளை மறித்து ஒருவர். ஏழாவது ஆள் பக்கத்து வளவு ஆச்சி. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிய, தலையை நிமிர்த்தாமலே "பிள்ளை, இதை நீ முந்தாநாளும் சொன்னனி" என்றார்.

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போய்ச் செபமாலையை எடுத்தேன். 53 மணியும் உருண்டன. வாய் சொன்னது, மனதில் ஒன்றுமில்லை. இருந்ததையெல்லாம் காலையிலேயே ஊருக்குள் கொட்டிவிட்டேன். ஆண்டவரிடம் கொண்டுபோக மிச்சம் இருக்கவில்லை. அந்த வாங்கில் இருந்தபடி எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட சில வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் அன்பியத்தில், அதாவது அயல் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழுவில், இளம் பிள்ளைகள் "அக்கா, பயம் வந்தால் என்ன செய்யிறது? செபம் செய், நம்பு என்று எல்லாரும் சொல்லுகினம், எப்படி என்று ஒருத்தரும் சொல்லினமில்லை" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்களுக்கு மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழே மூன்று ஏக்கர் வயல். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பும் அனுபவமும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயப்படுவது பாவமில்லை. ஷெல் கூவுகிற சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் விழுந்தபடியால்தான் நானும் என் பிள்ளைகளும் இன்றைக்கு இருக்கிறோம். மடுமாதாவின் கதையை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த சனம் பயந்துதான் காட்டுக்குள் ஓடியது. ஓடும்போது மாதாவின் சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியது. அப்படித்தான் மருதமடுத் திருத்தலம் உண்டானது. 2008 சித்திரையில், சண்டையால், மறுபடியும் அந்தச் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஆவணியில்தான் திரும்பி வந்தது. எங்களோடு இடம்பெயர்ந்த மாதா அவர். ஆகவே பயந்து ஓடியவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று ஒருவரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். ஓடும்போது எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று. ஹெலி சத்தம் கேட்டால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது, இரவில் நித்திரையே இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்றால், அதற்குச் செபத்தோடு வைத்தியமும் வேண்டும். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கதைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதைப் போலத்தான் இதுவும். போய் வந்த பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு கொப்பி வாங்குங்கள். நான் பிள்ளைகளின் பழைய சி.ஆர். கொப்பியில் மிஞ்சிய பக்கங்களில் தொடங்கினேன். பயம் வந்தவுடன் அதை ஒரே வசனத்தில் எழுத வேண்டும். திகதி, தொகை, ஆள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "எங்கள் குடும்பம் அழியப்போகுது" என்று எழுதக்கூடாது. "26ஆம் திகதி லீசிங் கட்ட 18,500 வேண்டும், கையில் 9,000 இருக்கு" என்று எழுத வேண்டும். முதல் தடவை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. எழுதி முடிந்து பார்த்தால், இரவு முழுக்க என் நெஞ்சில் ஏறியிருந்த மலை 9,500 ரூபாவாக இருந்தது. அந்த நேரம் எங்களுக்கு அதுவும் பெரிய காசுதான். ஆனால் 9,500 ரூபாவை ஆண்டவரிடம் கேட்கலாம். மலையை என்னவென்று கேட்பது?

அடுத்தது, எழுதியதில் எது கண்டது, எது கேட்டது என்று பிரியுங்கள். எண்ணிக்கை நூலில் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். மோசே பன்னிரண்டு பேரைக் கானான் நாட்டைப் பார்த்து வர அனுப்புகிறார். நாற்பது நாள் சுற்றிவிட்டு வருகிறார்கள். ஒரு திராட்சைக் குலையைத் தடியில் கட்டி இரண்டு பேர் காவிக்கொண்டு வருகிறார்கள். பன்னிரண்டு பேரும் பார்த்தது ஒன்றுதான்: நல்ல மண், பெரிய மதில், உயரமான ஆட்கள். காலேபும் அந்த ஆட்களைக் கண்டவர்தான், "அப்படி ஒருவருமில்லை" என்று அவர் சொல்லவில்லை. யோசுவாவும் அவர் பக்கம்தான். மற்றப் பத்துப் பேரும் "அவர்களுக்கு முன்னால் நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம், அவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தோம்" என்கிறார்கள். இந்த இடத்தில் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் எப்போதும் கேட்பேன்: அவர்களுக்கு எப்படித் தெரிந்தோம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? போய்க் கேட்டார்களா? பார்த்ததோடு தங்கள் பயத்தையும் சேர்த்து அளந்து கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுச் சனம் இரவு முழுக்க அழுதது. வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்பிப் போவோம் என்றது.

எங்கள் பக்கத்தில் அது மழைக்காலத்தில் நடக்கும். மேலே அனுராதபுரப் பக்கம் மழை கொட்டினால் அருவியாறு பெருகும், தேக்கம் அணைக்கட்டால் வருகிற தண்ணீர் கட்டுக்கரையை நிரப்பும், குளம் நிரம்பி வழிந்து வான் பாயும். இது எங்கள் ஆட்கள் தலைமுறையாகப் பார்த்த விசயம். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வரும், "குளம் உடைக்கப்போகுதாம், உடனே எழும்புங்கோ" என்று. யாருடைய குரல் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் நான் அதை நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். இவர் கமக்கார அமைப்பின் தலைவருக்குப் போன் எடுத்தார். அந்த மனிசன் அந்த இருட்டில் டோர்ச்சோடு குளக்கட்டிலேயே நிற்கிறார். "வான் பாயுது. கட்டில ஒரு பிழையுமில்லை. எழும்ப வேணுமென்றால் நானே சொல்லுவன்" என்றார். குளக்கட்டில் நிற்கிறவரைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி விசயமென்றால் டொக்டரைக் கேளுங்கள், சோதனை விசயமென்றால் ரீச்சரைக் கேளுங்கள். குளக்கட்டில் நிற்கிறவர் உண்மையிலேயே "எழும்புங்கோ" என்றால் செபமாலையையும் எடுத்துக்கொண்டு உடனே எழும்புங்கள். கேட்டு முடிகிற வரைக்கும் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தாலும் பிரயோசனமில்லை. எழுதியதை முதல் ஆளாக ஆண்டவரிடம் சொல்லுங்கள். கிணற்றடிக்கு முன்னர், போனுக்கு முன்னர், புருசனுக்கும் முன்னர். நான் நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிற நேரத்தில் சொல்கிறேன். தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும் மட்டும் நேரம் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மெதுவாக என்றாலும் சத்தமாக. மனதுக்குள் சொன்னால் பாதியில் வேறு யோசனைக்குப் போய்விடும்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நான் அந்த மார்கழியில் சொன்னதை மறக்கவில்லை: "ஆண்டவரே, 26ஆம் திகதிக்கு 9,500 ரூபா குறையுது. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. இவரில எனக்குக் கோபம். உம்மிலயும் கோபம். இவ்வளவும் தாண்டிக் கொண்டுவந்து விட்டது இதுக்குத்தானா? இண்டைக்கு என்ன செய்ய வேணும் என்று காட்டும். ஆமென்." கடைசி வசனம் மட்டும்தான் கோயிலில் சொல்லக்கூடிய மாதிரி இருந்தது. மிச்சத்தைச் சொல்லும்போது பயந்தேன், ஆண்டவரோடு இப்படிக் கதைக்கலாமோ என்று. பிறகுதான் திருப்பாடல் 13ஐத் திறந்து பார்த்தேன். தொடக்கத்திலேயே "இன்னும் எவ்வளவு காலம்" என்று நான்கு தடவை கேட்கிறது. இயேசு சிலுவையில் கத்தியதும் திருப்பாடல் 22இன் முதல் வரிதான், "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று. இவையெல்லாம் செபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிற முறைப்பாடுகள். பாலைவனத்தில் இஸ்ரயேலர் புறுபுறுத்தது கூடாரத்துக்குள் இருந்து, ஆண்டவரைப் பற்றி, ஆளுக்காள். இந்தப் பாடல்கள் அதே கசப்பை அவருடைய முகத்துக்கு நேரே சொல்கின்றன. கசப்பின் அளவில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யாரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறோம் என்பதில் தெரிகிறது. என் முறைப்பாட்டை அவரிடமே கொண்டுபோகிறேன் என்றால், அவர் கேட்கிறவர் என்று நான் இன்னமும் நம்புகிறேன். எனக்குத் தெரிந்த விசுவாசம் இவ்வளவுதான்.

உள்ளே இல்லாத நன்றியை வாயால் சொல்லத் தேவையில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று தொடங்க வேண்டாம். நன்றி வரும்போது தானாக வரும்.

அன்றைக்கு நான் ஊருக்குப் போய்ச் சொல்லாததால், இவரிடம் கோபமில்லாமல் பேச முடிந்தது. வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் வரம்பில் இருந்தேன். கால் மணித்தியாலம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. நெற்பயிரின் நுனி பழுத்து, காற்றுக்குச் சருகு மாதிரிச் சரசரத்தது. அந்த மனிசன் ஒரு தாளைப் பிடுங்கி விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே "எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. ஏழு பேரிடம் நான் குறை சொன்ன மனிசன், என்னைப் போலவே பயந்துபோய்த்தான் அங்கே குந்தியிருந்திருக்கிறார்.

சொன்ன பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. இதற்கு நான் ஒரு சுண்டு கணக்கு வைத்திருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது ரின்பால் பேணியால் அளந்துதான் அரிசி போடுவேன், அந்தப் பேணி அளவைத்தான் சுண்டு என்போம். நாளைக்கு என்ன என்று யோசித்தால் இன்றைக்குச் சமைக்கவே மனம் வராது. அதனால் காலையில் இன்றைய சுண்டை மட்டும் அளந்துவிட்டு மூட்டையைக் கட்டிவிடுவேன். விடுதலைப் பயண நூலில், பாலைவனத்தில் ஆண்டவர் கொடுத்த உணவான மன்னாவும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தவர்களுக்குப் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முதல் நாள் மட்டும் இரண்டு மடங்கு, அது கெடவில்லை. விதைநெல் சேர்க்காதே, சீட்டுக் கட்டாதே என்று அதற்கு அர்த்தமில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருடத் தானியத்தைச் சேர்த்ததையும் அதே வேதாகமம்தான் சொல்கிறது. நாளைக்கு வேண்டிய தானியத்தை இன்றைக்குச் சேர்க்கலாம். நாளைக்கு வரப்போகிற பயத்தை இன்றைக்கே தின்ன வேண்டாம்.

ஆகவே கொப்பியில் பயத்தை எழுதிய வரிக்குக் கீழே "இன்றைய சுண்டு" என்று ஒன்றை எழுதுங்கள். ஒன்றே ஒன்று. அன்று மாலைக்குள் கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த வாரம் என்னுடையவை இப்படி இருந்தன: கிளிசரியா இலை வெட்டி மாட்டெருவோடு சேர்த்துக் கூட்டெருவுக்குப் போடுவது. மேல்வயலில் களை பிடுங்குவது. லீசிங் கந்தோருக்குப் போய்த் தவணை கேட்பது. மூன்றாவதைத்தான் பதினொரு நாளாகத் தள்ளிக்கொண்டு இருந்தேன். போய்க் கேட்டேன். ஒரு மாதம் தந்தார்கள், வட்டியோடுதான்.

வெட்டு நடந்தது 2022 மாசியில். ஏக்கருக்கு 25 மூட்டை எடுத்த காணியில் 9 மூட்டை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் செபம் செய்தால் மூட்டை கூடும் என்று யாராவது இதை விளங்கிக்கொள்வதை நான் விரும்பவில்லை. இரண்டு கறவை மாட்டில் ஒன்றை விற்றோம். விற்ற அன்று இரவு மற்ற மாடு கத்திக்கொண்டே இருந்தது, எனக்கும் நித்திரையில்லை. கேத்தல் வைக்கிற நேரம் வந்தபோது எழும்பிப் போய் அதையும் அவரிடம் சொன்னேன். அந்த முழுப் போகத்திலும் நானும் இவரும் ஒருநாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கவில்லை.

புறுபுறுப்புக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. பழசை எல்லாம் இனிப்பாக்கிவிடும். பாலைவனத்தில் இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள், செங்கல் அறுத்த அடிமை வேலை நினைவில் வரவில்லை. அதற்கு மருந்தாக யோசுவா யோர்தான் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து வைக்கச் சொன்னார், பிள்ளைகள் "இது என்ன கல்" என்று கேட்டால் கதை சொல்வதற்காக. நான் ஒரு நெஸ்டமோல்ட் பேணி வைத்திருக்கிறேன். முகாமில் எங்கள் கூடாரமாக இருந்த தறப்பாளில் வெட்டிய உள்ளங்கையளவு துண்டு, ஊருக்குத் திரும்பிய 2010இல் வளவைத் துப்புரவாக்கும்போது கிடைத்த பழைய வீட்டின் கதவுப் பிணைச்சல், சின்னவனுக்கு டெங்கு வந்து மாறியபோது ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டி, லீசிங் முடித்த ரசீது. நீங்களும் ஒரு பேணி எடுங்கள். பெரிய அதிசயங்கள் வேண்டாம். "இதைத் தாண்டி வந்தோம்" என்று கையில் எடுத்துக் காட்டக்கூடியதாக இருந்தால் போதும். தறப்பாள் துண்டை முகர்ந்தால் எனக்கு இன்னமும் அந்தப் புழுதி மணக்கிறது.

இதையெல்லாம் உங்களுக்காகச் செய்யுங்கள். அழுதுகொண்டு வருகிற இன்னொருவருக்குப் பாடமாக எடுக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல வேலை, முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைத்தது. ஒருத்தி தன் கஷ்டத்தை உங்களிடம் சொல்கிறாள் என்றால், ஆண்டவர் அவளை உங்களிடம் அனுப்பியிருக்கலாம். முருங்கையிலை உருவிக்கொண்டாவது கேளுங்கள்.

எல்லா முறைப்பாடும் புறுபுறுப்பு இல்லை. உரிய ஆள் இருக்கிற முறைப்பாட்டை அந்த ஆளிடம் கொண்டுபோவது கடமை. வாய்க்கால் தண்ணீர் வராவிட்டால் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள், கடிதம் எழுதுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 2017 மாசியில் கிளிநொச்சியில் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரத்தில் குந்திய தாய்மாரை, வருடக்கணக்காக அங்கேயே இருந்தவர்களை, ஒரு சிலர் "இனி ஆண்டவரிடம் விட்டிட்டு வீட்டுக்குப் போகலாமே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். லூக்கா 18இல் நீதி கேட்டுத் திரும்பத் திரும்ப நடுவரிடம் போன கைம்பெண்ணைக் காட்டித்தான் இயேசு மனந்தளராமல் செபிக்கச் சொன்னார். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

கொப்பியை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒருமுறை புரட்டுங்கள். தீர்ந்ததற்கு ஒரு சரி போடுங்கள், திகதியும் எழுதுங்கள். நடக்காமலே போன பயங்களுக்கும் சரி போடலாம், அவை நிறைய இருக்கும். தீராததை அடுத்த வாரப் பக்கத்துக்கு எடுத்து எழுதுங்கள்.

கொப்பி முடிந்தால் புதுக் கொப்பியின் முதல் பக்கத்துக்கும் அப்படித்தான். என்னுடைய முதல் வரி மாறுவதில்லை: "2009 வைகாசியில் இருந்து தம்பியைக் காணவில்லை. எங்கே?" இது ஐந்தாவது கொப்பி. அதற்கு நேரே இன்னும் சரி போடவில்லை. நாளைக் காலையும் கேத்தலை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்பேன்.